மூன்று தவறான விடைகள்

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதினொன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கும் நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்விதான். வீட்டில் ஆங்கிலம் இல்லை, தெருவில் ஆங்கிலம் இல்லை, சினிமாவிலும் பேச்சிலும் ஆங்கிலம் நம் ஊர் அளவுக்குக் கலக்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் வளரும் சீனப் பிள்ளைகள் கல்லூரி நுழைவுத் தேர்வில் நீண்ட ஆங்கிலப் பத்திகளைப் படித்து எப்படி விடையளிக்கிறார்கள்? எல்லாம் மனப்பாடமா? "அவர்கள் இயந்திரம் மாதிரி, நம் பிள்ளைகளுக்கு அதெல்லாம் வராது" என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னதையும் எழுதியிருந்தீர்கள்.

மனப்பாடம் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் பத்தி வாசிப்பில் ஓர் எல்லைக்கு மேல் அது கைகொடுக்காதபடி அந்த வினாத்தாளை அமைத்திருக்கிறார்கள். அந்த அமைப்பைப் பார்த்தாலே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும். மீதிப் பாதி, தவறான விடைகளை அங்கே என்ன செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

'காவ்காவ்' என்று அவர்கள் சொல்லும் அந்தத் தேர்வு ஆண்டுதோறும் ஜூன் 7-ஆம் தேதி தொடங்குகிறது. 2024-இல் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். பெரும்பாலான மாகாணங்களில் மொத்த மதிப்பெண் 750. அதில் சீன மொழிக்கு 150, கணிதத்துக்கு 150, அந்நிய மொழிக்கும் அதே 150. ரஷ்ய மொழி, ஜப்பானியம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ் இவற்றில் ஒன்றை எடுத்தும் எழுதலாம். ஆனாலும் மிகப் பெரும்பாலோர் எடுப்பது ஆங்கிலம்தான். அந்த மொழித் தேர்வு 8-ஆம் தேதி பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முடியும்.

இப்போது பல மாகாணங்களில் நடைமுறையில் உள்ள தேசிய வினாத்தாளில் கேட்டலுக்கு 30, வாசிப்புக்கு 50, மொழிப் பயன்பாட்டுக்கு 30, எழுத்துக்கு 40. வாசிப்புப் பகுதியில் முதலில் நான்கு பத்திகள், அவற்றின் மேல் 15 கேள்விகள், கேள்விக்கு இரண்டரை மதிப்பெண். பிறகு இன்னொரு பத்தி. அதிலிருந்து ஐந்து வாக்கியங்களை உருவி எடுத்துவிட்டு, கீழே ஏழு வாக்கியங்களைக் கொடுத்திருப்பார்கள். ஐந்தைச் சரியான இடத்தில் பொருத்த வேண்டும், இரண்டு மிஞ்சும். அதற்கும் ஒவ்வொன்றுக்கு இரண்டரை. ஒரே ஒரு கேள்வியில் சறுக்கினாலும் தர வரிசையில் ஆயிரக்கணக்கானோருக்குப் பின்னால் போய்விட நேரும். ஆகவே வாசிப்புப் பகுதியை யாரும் சும்மா விடுவதில்லை.

இந்த நிலை ஒரே நாளில் வந்ததில்லை. கலாசாரப் புரட்சிக் காலத்தில் நின்றுபோயிருந்த நுழைவுத் தேர்வு 1977 குளிர்காலத்தில் மீண்டும் நடந்தபோது ஏறத்தாழ 57 லட்சம் பேர் எழுதி 2.7 லட்சம் பேருக்குத்தான் இடம் கிடைத்தது. அப்போது ஆங்கிலம் எல்லோருக்குமான பாடமாக இல்லை. 1978-இல் தேர்வு வைத்தார்கள், மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்க்கவில்லை. பிறகு 1979-இல் முன்னணிக் கல்லூரிகளுக்கு மட்டும் பத்து சதவீதம் சேர்த்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் 30, 50, 70 என்று ஏற்றி 1983-இல் முழு மதிப்பெண்ணையும் சேர்த்தார்கள். அந்தக் காலத்தில் ஆங்கிலத்தால் சறுக்கியவர்களில் ஒருவர் யூ மின்ஹோங். ஜியாங்சு மாகாணக் கிராமத்துப் பையன். இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை 1980-இல் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துறையில் இடம் பிடித்தார். பின்னாளில் 1993-இல் அவர் தொடங்கிய 'நியூ ஓரியண்டல்' சீனாவின் மிகப் பெரிய பயிற்சி நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது.

வரலாறு இவ்வளவு போதும். வினாத்தாளுக்குள் போவோம்.

நான்கு பத்திகளும் ஏறுவரிசையில் நிற்கும். முதல் பத்தி பெரும்பாலும் விளம்பரம், அறிவிப்பு, அட்டவணை. இரண்டாவது ஒரு மனிதரைப் பற்றியோ நிகழ்ச்சியைப் பற்றியோ இருக்கும். மூன்றாவதும் நான்காவதும் விளக்கம், வாதம், அறிவியல் ஆய்வு. 2023-இன் தேசிய முதல் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்தி ஆம்ஸ்டர்டாமில் சைக்கிள் வாடகைக்கு விடும் கடையின் விளம்பரம். இரண்டாவது, செடிகளையும் நுண்ணுயிர்களையும் கொண்டு கழிவுநீரைச் சுத்தப்படுத்தும் ஜான் டாட் என்பவரின் கதை. மூன்றாவது, கைப்பேசியையும் திரையையும் அளவோடு பயன்படுத்தச் சொல்லும் ஒரு நூலின் அறிமுகம். நான்காவது, பிரான்சிஸ் கால்ட்டன் 1907-இல் வெளியிட்ட கட்டுரையில் தொடங்கி, பலருடைய ஊகங்களின் சராசரி ஏன் உண்மைக்கு அவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று ஆராயும் கட்டுரை. பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளை ஏறத்தாழ முக்கால் மணி நேரத்துக்குள் சைக்கிள் கடையிலிருந்து புள்ளியியல் வரை வந்துவிட வேண்டும்.

அந்தச் சைக்கிள் கடைக் கேள்வியைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். பார்க்க மிக எளிது. கைபிரேக்கும் மூன்று கியரும் உள்ள சைக்கிளை இரண்டு நாளுக்கு எடுத்தால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அட்டவணையில் இரண்டு வகைச் சைக்கிள். கைபிரேக் வகைக்கு ஒரு நாள் 14.75 யூரோ, அதற்கு மேல் வரும் ஒவ்வொரு நாளுக்கும் 8 யூரோ. கியர் இல்லாத கால்பிரேக் வகைக்கு ஒரு நாள் 9.75, கூடுதல் நாளுக்கு 6. கொடுத்திருக்கும் விடைகள் நான்கு: 15.75, 19.50, 22.75, 29.50.

சரியான விடை 22.75. மற்ற மூன்றும் வாய்க்கு வந்த எண்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 29.50 என்பது 14.75-இன் இரண்டு மடங்கு; கூடுதல் நாளுக்குத் தனி விலை என்ற வரியைப் படிக்காமல் தாண்டியவர் அங்கே போய் விழுவார். 15.75 என்பது 9.75-உம் 6-உம், கணக்கைச் சரியாகப் போட்டு, சைக்கிளைத் தவறாகப் பார்த்தவருக்காக வைத்தது. 19.50 என்பது 9.75-இன் இரண்டு மடங்கு. இரண்டு தவறையும் ஒன்றாகச் செய்தவருக்கு அது காத்திருக்கிறது. இந்த மூன்றில் எந்தத் தவறைச் செய்தாலும் தான் போட்ட கணக்கின் விடை அச்சில் இருப்பதைப் பிள்ளை பார்க்கிறது, "அப்பாடா, சரிதான்" என்று குறித்துவிட்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறது.

வினாத்தாள் தயாரிப்பவரின் வேலையில் பெரும்பங்கு இதுதான், டீச்சர். சரியான விடையை எழுதுவது சுலபம். ஒவ்வொரு தவறான விடைக்குள்ளும் ஒரு குறிப்பிட்ட கவனக்குறைவை வைத்துத் தைப்பதுதான் கடினம்.

பத்தி கடினமாகும்போது இந்தத் தையலும் நுட்பமாகும். 2018-இன் தேசிய முதல் தாளில் உலக மொழிகள் அழிந்துவருவதைப் பற்றி ஒரு பத்தி வந்தது. வேட்டையாடி உண்ட காலத்தில் மனிதர்கள் சிறுசிறு குழுக்களாக இருந்தார்கள், குழுவுக்கொரு மொழி இருந்தது. இன்று உலகில் சுமார் 6,800 மொழிகள் இருக்கின்றன. பேசுவோர் எண்ணிக்கையின் இடைநிலை 6,000 என்று போகிறது அந்தப் பத்தி. கேள்வி இது: 6,000 பேருக்கும் குறைவானோர் பேசும் மொழிகள் எத்தனை? கொடுத்த விடைகள் 6,800, 3,400, 2,400, 1,200. சரியான விடையான 3,400 என்ற எண்ணைப் பத்தி முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. இடைநிலை என்றால் பாதி மேலே, பாதி கீழே. 6,800-இல் பாதி 3,400. அந்தச் சொல்லின் கணிதப் பொருள் தெரியாவிட்டாலும் கவலையில்லை, பத்தியே அதே வாக்கியத்தில் அதை விளக்கிவிடுகிறது. ஆனால் எண்ணைக் கண்ணால் துழாவி எடுத்துப் பொருத்தும் பழக்கமுள்ள பிள்ளை 2,400-ஐப் பிடித்துக்கொள்ளும். அந்த எண் பத்தியில் இருக்கிறது, ஆனால் ஆப்பிரிக்க மொழிகளின் எண்ணிக்கையாக.

அதே பத்தியில் இன்னொரு கேள்வி. ஆங்கிலம், ஸ்பானிஷ், சீனம் போன்ற 'டாமினன்ட்' மொழிகள் மற்றவற்றின் இடத்தைப் பிடிக்கின்றன என்று ஒரு வரி. அந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன? சிக்கலானது, முன்னேறியது, வலிமையுள்ளது, நவீனமானது என்று நான்கு விடைகள். ஆங்கிலம் முன்னேறிய மொழி, நவீன மொழி என்ற எண்ணம் பல பிள்ளைகளின் மனத்தில் ஏற்கெனவே இருக்கும். அந்த எண்ணத்தை நம்பி விடை குறித்தால் போச்சு. மற்ற மொழிகளின் இடத்தைப் பிடிக்கின்றன என்று பத்தி சொல்வதை மட்டும் வைத்துப் பார்த்தால் 'வலிமையுள்ளது' மட்டுமே பொருந்தும். தனக்குத் தெரிந்ததையும் பத்தி சொல்வதையும் பிரித்துவைக்கத் தெரிகிறதா என்பதுதான் சோதனை.

கடைசிக் கேள்வி பத்தியின் மையக்கருத்து. மொழிகள் எப்படி மாறுகின்றன என்பதைப் புவியியல்தான் தீர்மானிக்கிறது என்று ஒரு விடை. தட்பவெப்பத்துக்கும் மொழிகளின் எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பைப் பத்தி உண்மையிலேயே ஓரிடத்தில் பேசுகிறது. ஆனால் அது ஓரிடம்தான். மனித வளர்ச்சி மொழிகளைக் குறைத்துவிட்டது என்பதே முழுப் பத்தியும் சொல்வது.

தகவல், ஊகம், சொற்பொருள், மையக்கருத்து என்று கேள்விகளை நான்கு வகையாகச் சீன ஆசிரியர்கள் பிரித்துவைத்திருக்கிறார்கள். அதைவிடச் சுவையானது, தவறான விடைகளுக்கும் அவர்கள் பெயர் வைத்திருப்பது. ஜாங்கின் தொப்பியை லீயின் தலையில் வைத்தது என்பார்கள் ஒன்றை. ஆப்பிரிக்காவின் 2,400 அந்த வகை. பத்தியில் இல்லாததைப் புதிதாக உண்டாக்கியது இன்னொன்று. ஒரு மூலையில் சொன்னதை முழுமைக்கும் ஏற்றியது மூன்றாவது. புவியியல் விடை அப்படிப்பட்டது. சத்தமில்லாமல் பொருளையே மாற்றிவிட்டது நான்காவது. இவை எல்லாம் சீன மொழியின் நாலெழுத்துச் சொற்றொடர்கள், பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்தவை. ஆகவே ஆங்கில வகுப்பில் "இந்த விடை ஏன் தப்பு?" என்று கேட்டால் வகுப்பு ஒரே குரலில் வகையின் பெயரைச் சொல்லிவிடும்.

இங்கேதான் தவற்று நோட்டு வருகிறது. பெரும்பாலான மேல்நிலை மாணவர்களிடம் பாடத்துக்கு ஒன்று இருக்கும். தவறிய கேள்வியை வெட்டி ஒட்டி, பத்தியில் ஆதாரமான வரியை எழுதி, தான் குறித்த விடை எந்த வகைத் தவறு என்பதை வேறு மையில் எழுதிவைப்பார்கள். நான்கு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் ஒரே வகைத் தவறு திரும்பத் திரும்ப வந்திருப்பது கண்ணில் படும். ஒருத்தி எப்போதும் ஊகக் கேள்வியில் எல்லை தாண்டுவாள். ஒருவன் எப்போதும் அட்டவணையின் அடிக்குறிப்பை விட்டுவிடுவான். எத்தனை மதிப்பெண் என்பதைவிட இது பயனுள்ள செய்தி.

மீதி எல்லாம் நீங்கள் ஊகித்ததுதான். மேல்நிலைப் பள்ளியின் மூன்றாம் ஆண்டு முழுக்கத் திருப்புதல், ஒரு சுற்று முடிந்தால் அடுத்த சுற்று, இடையிடையே மாதிரித் தேர்வுகள். காலையில் வகுப்புக்கு முன் உரக்கப் படிக்கும் நேரம். பாடத்திட்டத்தின் சொற்பட்டியலில் ஏறத்தாழ 3,000 சொற்கள். அதற்கு வெளியே உள்ள சொல் பத்தியில் வந்தால் பக்கத்திலேயே சீனப் பொருள் கொடுத்திருப்பார்கள், அல்லது சூழலை வைத்து ஊகிக்கும்படி விட்டிருப்பார்கள். 'ஐந்தாண்டுத் தேர்வு, மூன்றாண்டு மாதிரி' என்ற தடித்த பயிற்சிநூலை 'ஐந்து-மூன்று' என்று சுருக்கிச் சொல்வார்கள். அதை அறியாத மாணவர் அங்கே அரிது. ஒரு பத்தி, ஒரு கடிகாரம், ஒரு பென்சில் என்று நாளுக்குச் சில பத்திகள் ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த ஓட்டத்தில் குறுக்குவழிகளும் முளைக்கும். மூன்று விடை நீளமாக, ஒன்று குட்டையாக இருந்தால் குட்டையைக் குறி. மூன்று குட்டையாக, ஒன்று நீளமாக இருந்தால் நீளத்தைக் குறி என்று ஒரு வாய்ப்பாடு தலைமுறை தலைமுறையாகச் சீன வகுப்பறைகளில் உலவுகிறது. 'எப்போதும்', 'ஒருபோதும்' என்று வரும் விடை தவறு என்பது இன்னொன்று. வினாத்தாள் தயாரிப்பவர்களும் அதே வகுப்பறைகளில் படித்தவர்கள்தானே. மேலே சொன்ன சைக்கிள் கேள்வியில் நான்கு விடையும் ஒரே நீளம், வாய்ப்பாட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

வாக்கியம் பொருத்தும் பகுதியில் குறுக்குவழி இன்னும் குறைவு. கோடிட்ட இடத்துக்கு அடுத்த வாக்கியம் 'அவை' என்று தொடங்கினால், பொருத்தப் போகும் வாக்கியத்தில் பன்மையில் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். 'இருந்தாலும்' என்று தொடங்கினால் முன்னால் அதற்கு எதிரான கருத்து வேண்டும். வாக்கியத்துக்கு வாக்கியம் உள்ள பிடிப்பைப் பார்க்காமல் தனித்தனியாக மொழிபெயர்த்துக்கொண்டு போகிறவர்கள் இங்கே கட்டாயம் தடுமாறுவார்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் அந்த முறைக்கு விளம்பரம் செய்வதாக நினைப்பீர்கள். நான்கு விடைக்குள் ஒன்றைக் குறிக்கத் தெரிந்த பிள்ளைக்கு வாய் திறந்து நான்கு வாக்கியம் பேச வராது என்ற புகார் சீனாவிலேயே பழையது. ஷாங்காய் 2017-இலிருந்தும் பெய்ஜிங் 2021-இலிருந்தும் கணினி முன் பேசவைத்து மதிப்பெண் கொடுக்கத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆங்கிலத்துக்கு இவ்வளவு இடம் எதற்கு என்ற சண்டையும் ஓயவில்லை. பெய்ஜிங் 2013-இல் ஆங்கில மதிப்பெண்ணை 150-இலிருந்து 100-ஆகக் குறைக்க ஒரு வரைவை வெளியிட்டது; அது நடைமுறைக்கு வரவேயில்லை. நகரத்துப் பிள்ளை மூன்றாம் வகுப்புக்கு முன்பே ஆங்கிலம் கற்கிறது, மலைக்கிராமத்துப் பிள்ளைக்கு நல்ல ஆசிரியர் கிடைப்பதே அரிது. ஆங்கிலத்தில் பின்தங்கிய சிலர் மேல்நிலையில் ஜப்பானியத்துக்கு மாறிவிடுவதும் நடக்கிறது.

மதிப்பெண்ணில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. ஜெஜியாங் மாகாணத்தில் ஆங்கிலத் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். 2018 நவம்பர் தேர்வு முந்தையதைவிடக் கடினம் என்று கருதிய அதிகாரிகள் வாசிப்பிலும் மொழிப் பயன்பாட்டிலும் சில கேள்விகளுக்குச் சத்தமில்லாமல் கூடுதல் எடை கொடுத்துத் திருத்திவிட்டார்கள். முடிவு வந்ததும் பெற்றோர் கொதித்தார்கள். மாகாண அரசு விசாரித்து, டிசம்பரில் அந்தத் திருத்தத்தை ரத்து செய்து பழைய மதிப்பெண்ணையே கொடுத்தது. பொறுப்பான அதிகாரிகள் மேல் நடவடிக்கையும் எடுத்தது. ஒரு பத்திக்குக் கீழே உள்ள கேள்வியின் எடை அங்கே அரசாங்க விவகாரம்.

தனிப்பயிற்சித் தொழிலுக்கும் 2021-இல் அடி விழுந்தது. பள்ளிப் பிள்ளைகளின் சுமையைக் குறைக்கவென்று வந்த அரசாணையால், ஒன்பதாம் வகுப்பு வரையிலான பாடங்களை லாபத்துக்காகச் சொல்லித்தரும் நிறுவனங்கள் லாப நோக்கற்றவையாக மாறவோ மூடவோ வேண்டியதாயிற்று. நியூ ஓரியண்டல் இணையத்தில் நேரலையில் பொருள் விற்கும் தொழிலில் இறங்கியது. அங்கே ஆங்கில ஆசிரியராக இருந்த தோங் யூஹுய் 2022-இல் அரிசியும் மக்காச்சோளமும் விற்றபடியே ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து நாடு முழுக்கப் பிரபலமானார்.

தேர்வைத் திருத்தும் முயற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, 2016-இல் ஜெஜியாங்கில் அறிமுகமாகிப் பின்னர் பல மாகாணங்களுக்குப் பரவிய ஒரு கேள்வி. முடிவில்லாத ஒரு கதையைக் கொடுத்து, அடுத்த இரண்டு பத்திகளின் முதல் வாக்கியத்தை மட்டும் எழுதி, மீதியை மாணவர்களே 150 சொல் அளவில் எழுதச் சொல்வார்கள். 25 மதிப்பெண். 2024-இன் தேசிய முதல் தாளில், புயலால் விமானம் தாமதமாகி வியன்னாவில் இறங்கும் ஒருவர் பிராக் நகருக்குப் போகும் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க டாக்ஸியில் விரைகிறார். இறங்கும்போது கையில் பணமில்லை, கார்டு செல்லாது, பக்கத்தில் உள்ள ஏடிஎம்மும் வேலை செய்யவில்லை. டிரைவரிடம் ஓடிப்போய் நிலைமையைச் சொன்னேன் என்று ஒரு பத்தி தொடங்குகிறது. நான்கு நாள் கழித்து வியன்னா திரும்பி, சொன்னபடி அவரைக் கூப்பிட்டேன் என்று அடுத்தது தொடங்குகிறது.

எழுத்துக் கேள்வி போலத் தெரிந்தாலும் இது வாசிப்புக் கேள்விதான். 'சொன்னபடி' என்று இரண்டாவது பத்தி தொடங்குவதால் முதல் பத்தியில் ஒரு வாக்குறுதி வந்தாக வேண்டும். டிரைவர் எப்படிப்பட்டவர் என்பதற்குக் கதையில் ஏற்கெனவே குறிப்புகள் இருக்கின்றன. அவரைத் திடீரென்று கோபக்காரராக்கினால் மதிப்பெண் போய்விடும். பத்தியில் இருப்பதற்கு விசுவாசமாக இருந்துகொண்டு இல்லாததை எழுத வேண்டும். இங்கே நான்கு விடை இல்லை, வாய்ப்பாடும் இல்லை. ஆனாலும் பயிற்சி மையங்கள் சும்மா இருக்குமா? கண்ணீர் வழிவதற்கும் இதயம் படபடப்பதற்கும் ஆயத்த வாக்கியப் பட்டியல்கள் உடனே அச்சாகிவிட்டன. திருத்துபவர் திரையில் பார்ப்பதால், அச்சடித்தாற்போல் எழுதும் ஆங்கிலக் கையெழுத்துக்கு 'ஹெங்ஷுய் பாணி' என்று ஹெபெய் மாகாணத்தின் ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது.

ஆக, அவர்கள் இயந்திரங்கள் அல்லர், டீச்சர். மணிக்கணக்காக உட்காரவைப்பதும் ஊரே மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அந்த முறையின் பலவீனம். அதைக் கடன் வாங்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. முந்நூறு சொல் பத்தியை மட்டுமே படித்துப் பழகிய பிள்ளை முந்நூறு பக்கப் புத்தகத்தைத் தொடாமலேயே பள்ளியை முடித்துவிடலாம் என்பதும் அங்கே உள்ள பலரே சொல்லும் குறை. நாம் எடுத்துக்கொள்ளத் தக்கது ஒன்றுதான். சரியான விடையைக் குறித்ததோடு நிறுத்தாமல், மற்ற மூன்றும் ஏன் தவறு என்று பத்தியிலிருந்து ஆதாரம் காட்டச் சொல்வது. இதற்குக் கணினி வேண்டாம், தனி நூலும் வேண்டாம்.

அடுத்த வாரம் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். பஸ் நேர அட்டவணையோ மருந்துச்சீட்டோ பாடப்புத்தகத்தின் ஒரு பத்தியோ, எதுவும் போதும். கேள்வியையும் சரியான விடையையும் நீங்களே கொடுத்துவிட்டு, வகுப்பைக் குழுக்களாகப் பிரித்துத் தவறான மூன்று விடைகளைத் தயாரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் எந்தக் கவனக்குறைவுக்காரர் விழுவார் என்பதையும் அவர்களே சொல்ல வேண்டும். பக்கத்துக் குழுவை ஏமாற்றுவதற்காகவாவது பிள்ளைகள் அந்தப் பத்தியை நாலு முறை படிப்பார்கள். எப்படி நடந்தது என்று மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடிதத்துக்குக் காத்திருக்கும் நான்